ஒரு கிராம் வேருக்கு ஒரு லட்சம்

சம்பாவுக்கு விதை ஊறவைக்கும் மாலையில், டெல்டா கிராமத்து வாசல்களில் நடக்கும் வேலையைப் பார்த்தால் இதில் என்ன விசேஷம் என்றுதான் தோன்றும். ஏக்கருக்கு 20 கிலோ விதை நெல் என்று வைத்துக்கொள்வோம். அண்டாவில் 20 லிட்டர் தண்ணீர். அதில் கரைக்க 200 கிராம் வெள்ளைத் தூள். தூளை முதலில் ஒரு சொம்புத் தண்ணீரில் கட்டி தட்டாமல் கரைத்து, அண்டாவில் ஊற்றித் துழாவி, அதன்மேல் நெல்லைக் கொட்டுகிறார்கள். மிதக்கும் பதரை வழித்தெடுத்துவிட்டு மூடி வைத்தால் இரவு முழுக்க ஊறும். காலையில் தண்ணீரை வடித்து, நெல்லை ஈரச்சாக்கில் கட்டி ஒரு நாள் முளைகட்ட விடுவார்கள். வடித்த தண்ணீர்கூட வீணாவதில்லை, நாற்றங்காலுக்கே போகிறது. மறுநாள் விதைப்பு.

நெடியில்லை. கை எரிச்சலில்லை. முகப் பவுடரில் சேரும் அதே டால்க் கல்மாவுதான் அந்தத் தூளில் பெரும்பங்கு. மீதியில்தான் விஷயம் இருக்கிறது. சட்டப்படி அந்தத் தூளின் ஒவ்வொரு கிராமிலும் குறைந்தது 10 கோடி பாக்டீரியாக்கள் உயிரோடு இருக்க வேண்டும். 200 கிராமில் 2,000 கோடி. ஆயிரம் நெல்மணி 25 கிராம் எடையுள்ள ரகம் என்றால் 20 கிலோவில் எட்டு லட்சம் மணிகள். கணக்குப் போட்டால் ஒரு மணியின் பங்குக்கு 25,000 பாக்டீரியாக்கள்.

விவசாயிகள் ‘சூடோமோனாஸ்’ என்று சொல்லும் இந்தப் பாக்டீரியாவின் முழுப்பெயர் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ். குலைநோய், இலையுறை அழுகல், வேரழுகல், வாடல் என்று பூஞ்சைகளால் வரும் நோய்களைத் தடுக்க இதைப் பரிந்துரைக்காத வேளாண் அலுவலர் தமிழ்நாட்டில் அநேகமாக இருக்க மாட்டார். ஆனால் ஊர் ஊராக இரண்டு விதமான பேச்சைக் கேட்க முடிகிறது. ‘அதைப் போட்ட பிறகு நாத்தே தெளிவா இருக்கு’ என்பது ஒன்று. ‘அது சும்மா மாவுங்க’ என்பது இன்னொன்று. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவருக்குக் கிடைத்த பாக்கெட்டில் உயிர் இருந்தது; மற்றவருக்குக் கிடைத்ததில் இல்லை, அல்லது வயலுக்குப் போவதற்குள் செத்துவிட்டது. இந்தத் தொழில்நுட்பத்தின் வெற்றியும் தோல்வியும் வேரைச் சுற்றி எத்தனை பாக்டீரியா உயிரோடு நிற்கிறது என்ற எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

நோய் தானாகத் தணிந்த வயல்கள்

இந்த எண்ணிக்கையின் அருமை முதலில் தெளிவாகப் புரிந்தது நெல் வயலில் இல்லை, கோதுமை வயலில். கோதுமையின் வேரைக் கருக்கிப் பயிரையே வெளுக்க வைக்கும் ஒரு பூஞ்சை நோய் உண்டு. ஒரே நிலத்தில் வருடா வருடம் கோதுமையே போட்டால் இந்த நோய் ஏறிக்கொண்டே போகும். யாராக இருந்தாலும் பயிரை மாற்றத்தான் நினைப்பார்கள். மாற்றாமல் பிடிவாதமாகக் கோதுமையையே போட்டுக்கொண்டு வந்த விவசாயிகளின் நிலத்தில் ஒரு வினோதம் நடந்தது. சில வருடம் நோய் தலைவிரித்து ஆடியபின், தானாகவே அடங்கிவிட்டது. பூஞ்சை மண்ணில்தான் இருந்தது. நோய் மட்டும் வரவில்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், புல்மன் ஊரில் இருந்த ஜேம்ஸ் குக் என்ற தாவர நோயியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் 1970-களில் இதைத் துருவினார்கள். நோய் அடங்கிய வயலின் மண்ணைக் கொஞ்சம் எடுத்து நோயுள்ள மண்ணில் கலந்தால் அங்கும் நோய் தணிந்தது. அதே மண்ணை 60 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கிவிட்டுக் கலந்தால் பலன் போய்விட்டது. அப்படியென்றால் மண்ணின் சத்தோ களிமண் அளவோ காரணமாக இருக்க முடியாது. சூட்டில் சாகிற ஏதோ ஒன்று அங்கே வேலை பார்க்கிறது. தேடியபோது வேரின் மேற்பரப்பில் சூடோமோனாஸ் கூட்டம் கூட்டமாகக் கிடைத்தது. நோயுற்ற வேரிலிருந்து கசியும் சத்தைத் தின்று அவை பெருகியிருக்கின்றன. பெருகிய கூட்டம் பூஞ்சையை ஒடுக்கியிருக்கிறது.

அதே ஊரில் லிண்டா தாமஷோவும் டேவிட் வெல்லரும் 1988-ல் இன்னும் ஒரு படி போனார்கள். ஒரு சூடோமோனாஸ் வகை ஃபெனசின் என்ற நஞ்சைச் சுரக்கிறது என்று தெரிந்திருந்தது. அந்த நஞ்சைச் சுரக்க முடியாதபடி அதன் மரபணுவைக் கெடுத்துவிட்டு வேரில் விட்டார்கள். நோயைத் தடுக்கும் சக்தி பெருமளவு போய்விட்டது. மரபணுவைத் திருப்பிக் கொடுத்ததும் சக்தியும் திரும்பியது. சோதனைக் குழாயில் இல்லாமல், வளரும் பயிரின் வேரிலேயே இதை நிரூபித்ததுதான் இந்த வேலையின் மதிப்பு.

பத்து வருடம் கழித்து, 1998-ல், வெல்லரும் நெதர்லாந்துக்காரரான யோஸ் ராய்மேக்கர்ஸும் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு கட்டினார்கள். கோதுமை வேரின் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பாக்டீரியாக்கள் இருந்தால் நோய் அடங்குகிறது. அதற்குக் கீழே போனால் அடங்குவதில்லை. அது வேறொரு நஞ்சைச் சுரக்கும் வகைக்கும், கோதுமை நோய் ஒன்றுக்கும் சொன்ன கணக்கு. நெல்லுக்கோ வாழைக்கோ அதே எண்ணை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் ஒரு வரம்பு உண்டு, அதற்குக் கீழே போனால் பாக்டீரியா இருந்தும் பயனில்லை என்ற உண்மை, நம் வயல்களில் இது ஏன் சில இடத்தில் பலிக்கிறது, சில இடத்தில் பலிப்பதில்லை என்பதற்குச் சாவி.

வேரடியில் நடக்கும் சண்டை

ஆய்வகத்தில் ஒரு பெட்ரித் தட்டை எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு ஓரத்தில் நோய்ப் பூஞ்சையின் சிறு துண்டு. எதிர் ஓரத்தில் சூடோமோனாஸால் ஒரு கோடு. சில நாளில் பூஞ்சை பஞ்சாகத் தட்டு முழுக்கப் படர்ந்துகொண்டு வரும். பாக்டீரியாக் கோட்டுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே யாரும் வளராத ஒரு வெற்றுப் பட்டை தெளிவாகத் தெரியும். அந்தப் பட்டை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துதான் எந்தப் பாக்டீரியா கெட்டி என்று முதல் கட்டத்தில் தேர்ந்தெடுக்கிறார்கள். இதே பாக்டீரியாவைக் ‘கிங்ஸ் பி’ என்ற ஊடகத்தில் வளர்த்து, புற ஊதா விளக்கின் கீழ் இருட்டில் வைத்தால் மஞ்சள் கலந்த பச்சையில் ஒளிரும். முதல்முறை பார்க்கும் மாணவர்கள் விளக்கை அணைக்க விடமாட்டார்கள்.

அந்த ஒளிரும் நிறமிக்கு ஒரு வேலை இருக்கிறது. மண்ணில் இரும்பு ஏராளம். ஆனால் கரையும் நிலையில் இருப்பது மிகச் சொற்பம். எல்லா உயிருக்கும் இரும்பு வேண்டும். சூடோமோனாஸ் இந்த நிறமியை வெளியே அனுப்பி, இருக்கிற இரும்பைப் பிடித்துத் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது. பூஞ்சை வித்து முளைக்கப் பார்க்கும்போது இரும்புக்குப் பஞ்சம். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜோசப் க்ளெப்பர், மில்டன் ஷ்ராத் குழு 1980-ல் உருளைக்கிழங்கை வைத்து இதை எடுத்துச் சொன்னது.

நஞ்சு இன்னொரு ஆயுதம். சில வகைகள் ஹைட்ரஜன் சயனைடையே மிகச் சிறிய அளவில் சுரக்கின்றன. பைரால்நைட்ரின் என்ற நஞ்சு 1964-ல் ஜப்பானில் ஒரு சூடோமோனாஸிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. வெயில் பட்டால் சிதைந்துவிடும் என்பதால் அதை அப்படியே தெளிக்க முடியவில்லை. வேதியியல் நிறுவனத்தார் அதன் அமைப்பைப் பார்த்து, வெயிலுக்குத் தாங்கும்படி மாற்றி, ஃபுளுடையாக்சோனில் என்ற பூஞ்சைக்கொல்லியைச் செய்தார்கள். இன்று உலகம் முழுக்க விதை நேர்த்திக்குப் பயன்படும் மருந்து அது. ரசாயனக் கடையில் விற்கும் சரக்கின் மூல வரைபடம் மண்ணில் இருந்து வந்தது என்பதை நம் விவசாயிகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

முந்திக்கொள்வதும் இதில் பாதி. பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பதுபோல, விதை முளைக்கும்போதே வேர்நுனிக்குப் பின்னால் இருக்கும் இடுக்குகளில் பாக்டீரியா உட்கார்ந்துவிட்டால், பிறகு வரும் பூஞ்சைக்கு நிற்க இடமும் கிடைக்காது, வேர் கசியவிடும் சர்க்கரையும் கிடைக்காது. விதை நேர்த்தியைத் தவிர்த்துவிட்டு, பயிர் நோயில் படுத்தபிறகு தூளைக் கரைத்து ஊற்றினால் ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

எனக்கு மிகவும் பிடித்தது நான்காவது வழி. வேரில் இருக்கும் பாக்டீரியா, இலையில் வரும் நோயை எப்படிக் குறைக்கும் என்ற கேள்வி நீண்ட நாள் இருந்தது. 1991-ல் நெதர்லாந்தில் கார்னேஷன் பூச்செடியிலும், அமெரிக்காவில் வெள்ளரியிலும் தனித்தனியாக விடை கிடைத்தது. பாக்டீரியாவை வேரிலும், நோய்க்கிருமியைத் தண்டிலோ இலையிலோ என்று ஒன்றையொன்று தொடவே முடியாதபடி பிரித்து வைத்தார்கள். அப்படியும் நோய் குறைந்தது. வேரில் உட்கார்ந்த விருந்தாளியை உணர்ந்ததும் செடி உடல் முழுக்கத் தன் தற்காப்பைத் தயார் நிலையில் வைத்துக்கொள்கிறது. நோய் வரும்போது விரைவாக எழுந்து நிற்கிறது. விதையில் போட்ட தூள் இலையில் வரும் குலைநோயைக் குறைப்பதில் இந்த வழிக்கும் பங்கு உண்டு.

சென்னையும் கோவையும்

தமிழ்நாட்டுக்குக் குலைநோய் புதிதில்லை. 1919-ல் தஞ்சை டெல்டாவில் அது பெரும் சேதம் செய்தது. இந்தியாவில் இந்த நோய் பெரிதாகப் பேசப்பட்டதே அதன் பிறகுதான். இலையில் நடுவே சாம்பலும் ஓரத்தில் பழுப்புமாகக் கண் வடிவப் புள்ளி வந்தால் அது ஆரம்பம். இரவில் குளிர்ந்து, காலையில் பனி நின்று, வயலில் யூரியாவும் கூடுதலாக விழுந்திருந்தால் ஒரே வாரத்தில் வயல் கருகும். கதிரின் கழுத்தில் பிடித்தால் மணி பால் பிடிக்காமல் கதிர் ஒடிந்து தொங்கும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஞானமாணிக்கம் 1980-களிலேயே நெல் வயல்களிலிருந்து சூடோமோனாஸ் வகைகளைப் பிரித்து, குலைநோய்க்கும் இலையுறை அழுகலுக்கும் எதிராகச் சோதித்துவந்தார். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.டபிள்யூ. மியூவுடன் சேர்ந்து 1992-ல் வெளியிட்ட ஆய்வில், குலைநோயை அடக்குவதில் பாக்டீரியா சுரக்கும் நஞ்சுக்குப் பங்கு உண்டு என்று காட்டினார்.

ஆனால் ஆய்வகத்தில் வளர்க்கும் பாக்டீரியாக் குழம்பை ஒரு விவசாயி எப்படி வீட்டுக்கு எடுத்துப் போவார்? வெயிலில் இரண்டு நாள் வைத்தால் கெட்டுவிடும். இந்தத் தடையைத்தான் கோவை வேளாண் பல்கலைக்கழகம் உடைத்தது. அங்கே பி. வித்யாசேகரனும் எம். முத்தமிழனும் பி.எஃப்.1 என்ற வகையைப் பல்வேறு பொடிகளில் கலந்து, எதில் அதிக நாள் உயிரோடு இருக்கிறது என்று பார்த்தார்கள். டால்க் மலிவு, எங்கும் கிடைக்கும், பாக்டீரியாவும் அதில் தாங்குகிறது. கொண்டைக்கடலை வாடல் நோய்க்காக நடந்த அந்த ஆய்வு 1995-ல் வெளிவந்தது. ஒரு கிலோ டால்க்கில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசைப்பொருள், புளிப்புத்தன்மையைச் சமன்செய்யக் கொஞ்சம் கால்சியம் கார்பனேட், கிருமிநீக்கம், பிறகு 400 மில்லி பாக்டீரியாக் குழம்பு. ஒரு சிறிய ஆய்வகத்திலும் செய்ய முடிகிற எளிமை இதில் இருந்தது. நாட்டின் பல மாநிலங்களில் இன்று விற்கும் சூடோமோனாஸ் பாக்கெட்டுகள் இந்த டால்க் வழியில் நடப்பவை.

அதே ஆய்வில் ஒரு கணக்கும் இருக்கிறது. அதை ஒவ்வொரு வேளாண் டிப்போவிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்பது என் ஆசை. தொடக்கத்தில் கிராமுக்கு 37.5 கோடியாக இருந்த பாக்டீரியா, எட்டு மாதம் கழித்து 1.3 கோடியாக இறங்கியிருந்தது. பெயர்பெற்ற ஆய்வகத்தில், கவனமாக வைத்துப் பார்த்தபோதே இந்த இறக்கம். சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 10 கோடி. பாக்கெட்டின் மேல் அச்சடித்த தேதியைப் பார்க்காமல் வாங்குவது எவ்வளவு பெரிய தவறு என்று இந்த இரண்டு எண்ணைப் பார்த்தாலே விளங்கும்.

வயலுக்கு வயல் வேறு கதை

நெல்லில் விதை நேர்த்தியோடு நிறுத்திக்கொள்பவர்களே அதிகம். உண்மையில் பெரிய பலன் நாற்றுப் பறித்த பிறகு கிடைக்கிறது. 25 சதுர மீட்டர் அளவுக்கு ஒரு பாத்தி கட்டி, ஒரு அங்குலத் தண்ணீர் நிறுத்தி, ஹெக்டேருக்கான 2.5 கிலோ தூளை அதில் தூவிக் கலக்கி, நாற்றுக் கட்டுகளின் வேரை அரை மணி நேரமாவது ஊறவிட வேண்டும். ஒரு ஏக்கர்க்காரருக்கு ஒரு கிலோவும் அதற்கேற்ற சிறு பாத்தியும் போதும். நடவு ஆட்கள் வரப்பில் காத்திருக்கும்போது அந்த அரை மணி நேரம் கொடுப்பது கடினம் என்பது உண்மைதான். முந்தின நாளே நாற்றைப் பறித்து இரவு ஊறப்போடுபவர்கள் கெட்டிக்காரர்கள். ஊறும் நேரம் கூடினால் பலனும் கூடும். நட்ட 30-ஆம் நாள் இன்னொரு 2.5 கிலோவை 50 கிலோ தொழு உரத்தில் கலந்து வயலில் வீசுவார்கள். 45-ஆம் நாளிலிருந்து, நோய்க்கு ஏற்ப, லிட்டருக்கு 2 கிராம் கரைத்து இலையில் தெளிக்கலாம்.

வாழையில் சங்கதி கடினம். பனாமா வாடல் பிடித்த ரஸ்தாளி மரத்தின் அடியை வெட்டிப் பார்த்தால், நீர்க்குழாய்கள் இருக்கும் வட்டம் வட்டமாகச் செம்பழுப்பு ஓடியிருக்கும். இந்தப் பூஞ்சை மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். உள்ளே நுழைந்தபின் எந்த மருந்தும் முழுதாக மீட்காது. மத்திய அமெரிக்காவில் ஏற்றுமதிக்கான க்ரோ மிஷெல் வாழையையே 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் இது துடைத்தெறிந்தது. அதற்குப் பதிலாக வந்த கேவண்டிஷ் வகைதான் இன்று தேனியில் ஜி-9 என்று ஏக்கர் ஏக்கராக நிற்பது. அதையும் தாக்கும் நான்காவது இனப் பூஞ்சை, கடந்த பத்தாண்டில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் தென்பட்டுவிட்டது.

கோவைப் பல்கலைக்கழகம் வாழைக்குச் சொல்லும் முறை விசித்திரமானது. கிழங்கில் 45 டிகிரி சாய்வாக 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, 60 மில்லிகிராம் சூடோமோனாஸ் அடைத்த ஜெலட்டின் மாத்திரையை உள்ளே தள்ளி, மண்ணால் அடைக்கிறார்கள். நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் அதே வகைக் காலிக் குப்பிதான். இதைவிட முக்கியமாக நான் கருதுவது திசு வளர்ப்புக் கன்றுகளை. ஆய்வகக் குடுவையில் கிருமி எதுவும் இல்லாமல் வளரும் கன்று அது. நோய்க்கிருமி இல்லை என்பது அதன் பலம். துணை நிற்கும் ஒரு நுண்ணுயிரும் வேரில் இல்லை என்பது அதன் பலவீனம். அப்படியே கொண்டுபோய்ப் பூஞ்சை காத்திருக்கும் மண்ணில் நட்டால் யார் முந்துவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நிழல்வலைக் கூடத்தில் கன்றைப் பக்குவப்படுத்தும் வாரங்களிலேயே பாக்டீரியாவை வேரில் குடியேற்றிவிட வேண்டும். கன்று வாங்கும் விவசாயி, ‘இதுக்கு சூடோமோனாஸ் கொடுத்தீங்களா?’ என்று நர்சரியில் கேட்கத் தொடங்கினால் அந்தப் பழக்கம் தானாக வரும்.

தென்னையில் வரும் அடித்தண்டழுகலுக்குத் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர். 1952-ல் அந்த மாவட்டத்தில்தான் முதலில் கவனத்துக்கு வந்தது. அடிமரத்தில் வெடிப்பு விழுந்து செம்பழுப்பு நீர் வடியும், மட்டைகள் தொங்கும், கடைசியில் மரத்தடியில் காளான் முளைக்கும். காளான் தெரிந்துவிட்டால் அந்த மரத்தைப் பற்றிக் கவலைப்பட்டுப் பயனில்லை. பக்கத்து மரங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். வெட்டாமல் விட்ட கட்டையும் வேரும்தான் இந்தப் பூஞ்சையின் வீடு. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் சாய்த்த தென்னைகளை நினைத்துப் பார்த்தால் இந்தக் கவலையின் அளவு புரியும். மரத்துக்கு 200 கிராம் சூடோமோனாஸ், அதே அளவு டிரைக்கோடெர்மா, ஐந்து கிலோ வேப்பம் புண்ணாக்கு, 50 கிலோ தொழு உரம் என்று இங்கே எல்லாவற்றையும் சேர்த்தே கொடுக்கச் சொல்கிறார்கள். டிரைக்கோடெர்மா பாக்டீரியா இல்லை. பூஞ்சையைத் தின்னும் பூஞ்சை. தொழு உரத்தை விட்டுவிட்டு மற்றதை மட்டும் போட்டால் காசு வீண். உள்ளே விட்ட உயிர்களுக்குச் சாப்பாடு அதுதான்.

எங்கே தவறுகிறது?

சூடோமோனாஸுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. அதற்கு வித்து கட்டத் தெரியாது. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு நல்ல பாக்டீரியா, நெருக்கடி வந்தால் கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு உறங்கிவிடும். கொதிக்கும் நீரையும் அந்த வித்துகள் தாங்குகின்றன என்று ஃபெர்டினாண்ட் கோன் 1876-லேயே காட்டிவிட்டார். சூடோமோனாஸ் சூட்டிலும் வறட்சியிலும் நேரடியாகச் செத்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரை போட்ட கிடங்கில், யூரியா மூட்டைக்கும் பூச்சிமருந்துப் பெட்டிக்கும் நடுவே அடுக்கிய பாக்கெட்டில் ஆவணி வரை என்ன மிஞ்சும்? டிப்போவுக்கு வந்து சேரும் வண்டியின் பயணமே போதும், பாதி உயிரைக் குடிக்க.

இந்தக் காரணத்தால், வெயில் அதிகமான மாவட்டங்களுக்குப் பேசில்லஸ் வகைகளை இன்னும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து. அவை சுரக்கும் இட்யூரின் போன்ற கொழுப்புப் பெப்டைடுகள் பூஞ்சையின் செல்சுவரை ஒட்டிய சவ்விலேயே ஓட்டை போடுகின்றன. அமெரிக்காவில் ஒரு பீச் பழத்தோட்டத்து மண்ணில் கிடைத்த பேசில்லஸ் வகையை வைத்து வளர்ந்த சிறிய நிறுவனத்தை, 2012-ல் பேயர் 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. பெரிய ரசாயன நிறுவனங்கள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதற்கு அது போதுமான அடையாளம்.

அடுத்த தவறு கலவையில். ஒரே டேங்கில் காப்பர் ஆக்சிகுளோரைடையும் சூடோமோனாஸையும் கலந்து அடிப்பவர்கள் உண்டு. நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் வந்தால் ஸ்ட்ரெப்டோமைசின் தெளித்துவிட்டு, மறுநாளே சூடோமோனாஸ் போடுபவர்களும் உண்டு. ஒரு கையால் குடிவைத்து மறுகையால் கொல்வது இது. ரசாயன உரத்தோடு ஒன்றாகப் பிசைந்து வீசுவதும் அப்படித்தான். பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விட வேண்டும். மாலை நேரத்தில், மண் ஈரமாக இருக்கும்போது கொடுக்க வேண்டும். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற உயிர் உரங்களோடு சேர்ப்பதில் தடையில்லை.

சரக்கின் தரம் பற்றியும் பேசாமல் விட முடியாது. உயிரிப் பூஞ்சைக்கொல்லிகளும் 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள்தான் வருகின்றன. ஃபரிதாபாத்தில் உள்ள மத்திய வாரியத்தில் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது. ஆனாலும் பதிவு எண் இல்லாத பாக்கெட், தேதியில்லாத பாட்டில், ‘எல்லா நோய்க்கும் ஒரே கரைசல்’ என்று வண்ண அட்டையில் வருவது என எல்லாம் சந்தையில் ஓடுகின்றன. பூச்சிமருந்து போலியானால் பூச்சி சாகாதது கண்ணுக்குத் தெரியும். தடுப்புக்கான உயிர்ப்பொருள் போலியானால், நோய் வராத வருடத்தில் அதற்கும் நல்ல பெயர் கிடைத்துவிடும். ஏமாற்ற இதைவிட வசதியான சரக்கு இல்லை.

இதையெல்லாம் சொல்லும்போது, ரசாயனப் பூஞ்சைக்கொல்லியே வேண்டாம் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மார்கழிப் பனியில் கழுத்துக் குலைநோய் ஏறிக்கொண்டிருக்கும்போது பாக்டீரியாவைக் கரைத்துக்கொண்டு நிற்கச் சொல்வது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் துரோகம். உரிய மருந்தை உரிய அளவில் அடித்துக் கதிரைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் அந்த மருந்தின் வழியும் குறுகிக்கொண்டே வருகிறது. குலைநோய்க்குப் பரவலாக அடிக்கும் டிரைசைக்ளசோலின் எச்சம் அரிசியில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றிருந்த ஐரோப்பிய ஒன்றியம், 2018 ஜனவரி முதல் அதை 0.01 மில்லிகிராமாக, அதாவது நூறில் ஒரு பங்காகக் குறைத்தது. வட இந்திய பாசுமதிக்காரர்கள் அன்று பட்ட பாட்டை மஞ்சளும் மிளகாயும் வாழையும் விற்கும் நாமும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து தெளிப்பை இரண்டாகக் குறைக்க முடிந்தாலே, சந்தையிலும் மண்ணிலும் அது பெரிய லாபம்.

ராய்மேக்கர்ஸ் குழு 2011-ல், நோயை அடக்கும் ஒரு சர்க்கரை பீட்ரூட் வயலின் வேர் மண்ணை ஆராய்ந்தபோது 33,000-க்கும் மேற்பட்ட வகை நுண்ணுயிர்களின் தடயம் கிடைத்தது. அங்கே நோயைத் தடுத்தது ஒரே ஒரு பாக்டீரியா என்று சொல்ல முடியவில்லை. பல குடும்பங்கள் சேர்ந்து செய்த வேலை அது. நாம் பாக்கெட்டில் விடுவது அந்தப் பெருங்கூட்டத்தில் ஒரே ஒரு ஆள். தொழு உரமும் பசுந்தாளும் கண்ட மண்ணில் அந்த ஒரு ஆளுக்குத் துணை கிடைக்கும். வருடக்கணக்கில் வைக்கோலைக் கொளுத்தி, மூட்டை உரம் மட்டுமே கண்ட மண்ணில் அவன் தனியாகத்தான் நிற்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது பெரிய செலவில்லாத வேலை. மானியத்தில் கொடுக்கும் சூடோமோனாஸை எத்தனை டன் விநியோகித்தோம் என்று கணக்குக் காட்டுகிறார்கள். விதைக்கும் நாளில் அதில் எத்தனை உயிர் இருந்தது என்று யாரும் கணக்குக் காட்டுவதில்லை. உற்பத்தி ஆண்டு முழுக்கச் சீராக நடப்பதைவிட, குறுவை, சம்பா, மஞ்சள் நடவு, வாழை நடவு என்று அந்தந்த ஊரின் விதைப்புக்கு ஒரு மாதம் முன்னால் நடக்க வேண்டும். டிப்போவில் இந்தப் பாக்கெட்டுகளுக்கு மட்டும் நிழலான, காற்றோட்டமான தனி இடம் வேண்டும்.

எண்ணிப் பார்ப்பதும் எளிது. ஒரு கிராம் தூளைப் படிப்படியாக நீர்த்து, தட்டில் பரப்பி, இரண்டு நாள் விட்டு, முளைத்த புள்ளிகளை எண்ணினால் போதும். வேளாண் கல்லூரிகளிலும் அறிவியல் நிலையங்களிலும் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கருவிகளும் இருக்கின்றன. ஆடிப் பட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு டிப்போவிலிருந்தும் சில பாக்கெட்டுகளை எடுத்துச் சோதித்து, கிராமுக்கு எத்தனை கோடி என்று டிப்போ வாசலில் இருக்கும் விலைப்பலகையிலேயே, விலைக்குப் பக்கத்தில் எழுதிப் போடலாம். 10 கோடிக்குக் கீழே இருந்தால் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடலாம்.